பழைய பிக்அப்பில் கியர் சரியாக மாறவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் படிப்படியாகச் சோதிக்க ஒரு வழிகாட்டி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பழைய பிக்அப் கியர் மாற முரண்டு பிடிக்கத் தொடங்கினால், "பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பார்த்துவிடலாம்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு உரிய இடம் வரிசையின் கடைசி. எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் மாற வேண்டும் என்று பாக்ஸுக்குத் தகவல் தரும் கேபிள், ரப்பர் குழாய், சென்சார், மின் இணைப்பு எல்லாம் பெரும்பாலும் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக வெயிலிலும் சேற்றிலும் அடிபட்டவையும் அவைதான்.

உள்ளே உண்மையிலேயே ஏதாவது தேய்ந்திருந்தாலும், எது தேய்ந்தது என்பதை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் ஓரளவு சொல்லிவிடலாம். எந்த கியர் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதைச் சரியாகக் கவனித்தால் போதும். கவனிக்கும் பொறுமைதான் பலருக்கும் இருப்பதில்லை.

இந்த வழிகாட்டி 1970களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த, பின்சக்கரங்களையோ நான்கு சக்கரங்களையோ இயக்கும் பிக்அப்களுக்கானது. தொடங்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை: பாக்ஸ் வழுக்குகிறது என்றால், அதாவது எஞ்சின் சுழற்சி ஏறியும் வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றால், வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டாதீர்கள். வழுக்கும் கிளட்ச் பிளேட் சூடாகி எரியும். எரிந்த தூள் ஆயிலில் கலந்து மற்ற வால்வுகளையும் அடைக்கும். ஒரு கேபிளைச் சரிசெய்து முடிந்திருக்க வேண்டிய வேலை, பாக்ஸை முழுதாகப் பிரிக்கும் வேலையாக மாறுவது இப்படித்தான்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை பாக்ஸ்?

ஒரு பாக்ஸுக்கான சோதனை இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள். வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தால் மூன்றில் ஒன்று, சில சமயம் இரண்டு, கண்ணில் படும்.

முதலாவது, எஞ்சினிலிருந்து பாக்ஸுக்கு வரும் மெல்லிய ரப்பர் வெற்றிடக் குழாய். ஜெனரல் மோட்டார்ஸின் டிஎச்350, டிஎச்400, ஃபோர்டின் சி6 ஆகியவை இந்த வகை. எஞ்சின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதை மாடுலேட்டர் என்ற சிறு தகர டப்பா அந்த வெற்றிடத்தின் வழியாக அறிகிறது.

இரண்டாவது, திராட்டிலிலிருந்து (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் எஞ்சின் வால்விலிருந்து) வரும் கேபிள் அல்லது கம்பி. 1982இல் வந்த 700ஆர்4, ஃபோர்டின் ஏஓடி, கிரைஸ்லரின் 727 ஆகியவற்றில் இதைக் காணலாம்.

மூன்றாவது, தடித்த மின் கம்பிக் கட்டு செருகப்பட்ட பெரிய கனெக்டர். 1989இல் வந்த ஃபோர்டு ஈ4ஓடி, 1993இல் வந்த 4எல்60-ஈ போன்றவற்றில் கியர் மாறுவதை கணினிதான் முடிவு செய்கிறது. டொயோட்டாவின் ஏ340இ, கிரைஸ்லரின் 46ஆர்ஈ, 47ஆர்ஈ ஆகியவற்றில் கேபிளும் உண்டு, மின் இணைப்பும் உண்டு. இவற்றில் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

700ஆர்4, 4எல்60-ஈ இரண்டின் ஆயில் பானும் (பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு) 16 போல்ட்டுகளுடன் ஒரே மாதிரி இருக்கும். திராட்டில் கேபிள் இருந்தால் முன்னது, பெரிய வட்ட கனெக்டர் இருந்தால் பின்னது.

படி 2: ஆயிலைப் படியுங்கள்

அளவு பார்ப்பது எளிதான வேலைபோலத் தெரியும். தவறாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டி ஆயில் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலைக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வாருங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரு பக்கமும் வெவ்வேறு அளவு காட்டினால் குறைவாகக் காட்டும் பக்கத்தையே நம்புங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். கிரைஸ்லர் பாக்ஸ்களில் நியூட்ரலில். 727 குடும்பத்தில், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாக பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குப் பார்க்கில் ஆயில் போவதில்லை. இரவு முழுவதும் நின்ற டாட்ஜ் (கிரைஸ்லரின் பிக்அப்) காலையில் டிரைவ் போட்டவுடன் நகராமல் தயங்கினால், முதலில் நியூட்ரலில் சில நொடிகள் ஓடவிட்டுப் பாருங்கள். தயக்கம் மறைந்தால், கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இறங்கிவிடுகிறது என்று பொருள். அதற்காக பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கியர் பிடிக்கத் தாமதமாகும், வளைவில் திரும்பும்போது வழுக்கும். அதிகமானாலும் ஏறக்குறைய இதே தொல்லைதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை அழுத்தம் தராது. "எதற்கும் இருக்கட்டும்" என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவதில் எந்த நன்மையும் இல்லை.

அடுத்து நிறமும் வாசனையும். டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். நல்ல ஆயில் இளஞ்சிவப்பு வளையமாக விரிந்து பரவும். எரிந்த ஆயில் பரவாமல் நடுவில் கருத்த புள்ளியாக நின்றுவிடும். உற்றுப் பார்த்தால் மிளகுத்தூள் போன்ற துகள்கள் தெரியும். மூக்கருகே கொண்டு போனால் கருகிய நெடி அடிக்கும். பழுப்பு நிறம் மட்டும் இருந்து நெடி இல்லையென்றால், பழைய ஆயில் என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை.

பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து எஞ்சினின் குளிரூட்டும் நீர் பாக்ஸுக்குள் வந்திருக்கிறது. அதில் உள்ள கிளைக்கால் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும். அந்த நிலையிலேயே ஓட்டப்பட்ட பாக்ஸ், ரேடியேட்டரை மாற்றி ஆயிலைக் கழுவினாலும் நீண்ட நாள் தாங்குவது அரிது.

என்ன ஆயில் என்பதும் முக்கியம். ஜெனரல் மோட்டார்ஸுக்கு டெக்ஸ்ரான், பிற்கால ஃபோர்டுக்கு மெர்க்கான், 1970களின் ஃபோர்டு பாக்ஸ்கள் பலவற்றுக்கு டைப்-எஃப், கிரைஸ்லருக்கு ஏடிஎஃப்+4. இவற்றின் உராய்வுத் தன்மை ஒன்றல்ல. தவறான ஆயில் ஊற்றிய சில நாளில் நடுக்கம் தொடங்கினால் வேறு எங்கும் தேடாதீர்கள்.

படி 3: வெளியே இருக்கும் கம்பியும் கேபிளும் குழாயும்

இந்தப் படியில்தான் பழைய வண்டிகளின் கோளாறுகளில் பல அகப்படும். அவசரப்படாதீர்கள்.

கியர் லீவர் இணைப்பிலிருந்து தொடங்குவோம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, லீவரை ஒவ்வொரு நிலையாக நகர்த்துங்கள். பாக்ஸுக்குள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு 'க்ளிக்' இருக்கிறது. அந்த க்ளிக்கும் டாஷ்போர்டில் முள் காட்டும் எழுத்தும் ஒன்றாக விழ வேண்டும். ஸ்டியரிங் தண்டில் லீவர் உள்ள வண்டிகளில் கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் காலப்போக்கில் நொறுங்கிவிடும். முள் டிரைவைக் காட்டும், உள்ளே இருக்கும் வால்வு இரு நிலைகளுக்கு நடுவே நிற்கும். அழுத்தம் பாதிதான் கிளட்சுக்குப் போய்ச் சேரும். நல்ல கிளட்ச் அதனாலேயே எரிந்துபோகும். எஞ்சின் பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் லீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் அதுவும் இதே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்து திராட்டில் கேபிள். 700ஆர்4 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்கலாம். இந்த கேபிள் கியர் மாறும் வேகத்தை மட்டுமல்ல, பாக்ஸின் உள் அழுத்தத்தையும் தீர்மானிக்கிறது. கேபிள் தளர்ந்தால் அழுத்தம் குறையும், கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும். ஓட்டுபவருக்கு அது சுகமாகவே இருக்கும், உள்ளே கிளட்ச் எரிந்துகொண்டிருக்கும். கேபிள் அறுந்த வண்டியை வீடு வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம் என்பேன்.

சரிசெய்வது எளிது. எஞ்சின் நின்றிருக்க வேண்டும். திராட்டில் பக்கம் கேபிளின் உறையில் ஒரு சிறு அழுத்து நாக்கு இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நகரும் பகுதியைத் திராட்டில் லீவருக்கு எதிர்த்திசையில் முழுவதும் உள்ளே தள்ளுங்கள். நாக்கை விட்டுவிட்டு, திராட்டில் லீவரைக் கையால் முழு அளவுக்குத் திருப்புங்கள். 'டர்ர்' என்ற ஒலியுடன் கேபிள் தானே வெளியே நகர்ந்து சரியான இடத்தில் நின்றுவிடும். கார்புரேட்டரையோ திராட்டில் பாடியையோ மாற்றியிருந்தால் கேபிள் இழுபடும் கோணமே மாறியிருக்கும். அதற்குரிய பிராக்கெட் இல்லாமல் எத்தனை முறை சரிசெய்தாலும் பயனில்லை. கிரைஸ்லர் 727இலும் திராட்டில் முழுதாகத் திறக்கும்போது பாக்ஸ் பக்கத்து லீவர் கடைசி வரை போக வேண்டும். இந்த இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டி பாக்ஸை எரித்தவர்கள் ஏராளம்.

டிஎச்350இலும் ஒரு கேபிள் உண்டு. ஆனால் அது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்குவதற்கு மட்டும்தான். அதை மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பதால் கியர் மாறும் வேகம் மாறாது. அந்த பாக்ஸில் பார்க்க வேண்டியது மாடுலேட்டரை.

மாடுலேட்டர் சோதனைக்கு எஞ்சினை நிறுத்தி வெற்றிடக் குழாயைப் பிடுங்கிப் பாருங்கள். குழாய்க்குள் சிவப்பு ஆயில் இருந்தால் உள்ளிருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது. எஞ்சின் அந்த ஆயிலைக் குடித்து சைலன்சரில் வெண்புகையாக விடும். "எங்கும் ஒழுகவில்லை, ஆனால் ஆயில் குறைகிறது" என்ற புதிருக்கு விடை பல சமயம் இந்தக் குழாய்க்குள் இருக்கும். குழாய் உலர்ந்திருந்தால் வெற்றிட மானி பொருத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். ஆரோக்கியமான எஞ்சின் ஐடிலில் ஏறத்தாழ 15 முதல் 20 பாதரச அங்குலம் வரை நிலையாகக் காட்ட வேண்டும். உயரமான இடங்களில் இது குறையும். வெற்றிடம் குறைந்தாலோ குழாய் வெடித்திருந்தாலோ, பாக்ஸ் எஞ்சின் பெரும் சுமையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு தாமதமாகவும் உதைத்தும் கியர் மாற்றும். சில அங்குல ரப்பர் குழாயில் முடியும் வேலை அது.

படி 4: எஞ்சின் போடும் வேஷம்

கியர்பாக்ஸ் மேல் விழும் பழி பல சமயம் எஞ்சினுடையது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் வண்டி இழுக்காது. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிப்பார். பாக்ஸ் அதைச் சுமை என்று எடுத்துக்கொண்டு மேல் கியருக்குப் போக மறுக்கும். பிளக்கோ காயிலோ பலவீனமாக இருந்தால், மேல் கியரில் மெதுவாக ஏறும்போது மட்டும் எஞ்சின் மிஸ் ஆகும்; அந்த நடுக்கம் அப்படியே டார்க் கன்வெர்ட்டர் கோளாறு போலவே இருக்கும்.

எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வராது. கணினி உள்ள வண்டிகள் பலவற்றில் எஞ்சின் சூடாகும் வரை லாக்-அப்பையும் (டார்க் கன்வெர்ட்டர் நழுவாமல் நேராகப் பூட்டிக்கொள்வது), சிலவற்றில் ஓவர்டிரைவையும் (மேல் கியர்) கணினி அனுமதிக்காது. வெப்பமானி முள் எப்போதும் அடியிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள்.

கியர் மாறும்போது 'டொக்' என்று கேட்டால் கிராஸ் ஜாயின்ட்டையும், எஞ்சின், பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களையும் கையால் ஆட்டிப் பாருங்கள். வண்டி நின்ற பின் ஒரு நொடி கழித்து பின்னாலிருந்து யாரோ இடித்தது போல உணர்ந்தால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நழுவும் முனையில் கிரீஸ் உலர்ந்திருக்கலாம். பெரிய டயர் மாட்டிய பிறகு தொடங்கிய கோளாறா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டயர் விட்டம் மாறினால் கியர் மாறும் வேகமும் மாறும்.

படி 5: சாலையில் சோதனை

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்குள் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி கிளட்ச் இல்லை. சில கிளட்சுகளும் பேண்டுகளும் (உருளையை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள்) மாறி மாறிக் கூட்டுச் சேர்ந்துதான் எல்லா கியர்களையும் உண்டாக்குகின்றன. எனவே எந்தெந்த கியர்கள் சேர்ந்து போயின என்று பார்த்தால், அவற்றுக்குப் பொதுவான பாகம் எது என்பது தெரிந்துவிடும்.

போக்குவரத்து இல்லாத சாலையில், இன்னொருவரை அருகில் அமர்த்தி எழுதச் சொல்லுங்கள். டாக்கோமீட்டர் இல்லாத வண்டியானால் சிறு கையடக்க மானி போதும். 4எல்60-ஈயின் கியர் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. முதல் கியரில் 3000 சுழற்சியில் மாறினால் இரண்டாவதில் ஏறத்தாழ 1600க்கு இறங்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 3000த்தில் மாறினால் 1850 அளவுக்கும், மூன்றிலிருந்து நான்குக்கு 2100 அளவுக்கும் இறங்கும். கன்வெர்ட்டர் சிறிது நழுவுவதால் உண்மையில் சற்று அதிகமாகவே காட்டும். முதல் கியரிலிருந்து ஒரேயடியாக 1000 பக்கம் இறங்கினால் இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்குப் போய்விட்டது என்று பொருள். இறங்குவதற்கு முன் சுழற்சி ஒரு கணம் மேலே எகிறினால், விட்ட கிளட்சுக்கும் பிடிக்க வேண்டிய கிளட்சுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது; பிடிக்க வேண்டியது வழுக்குகிறது.

700ஆர்4, 4எல்60-ஈ பாக்ஸ்களில் குறிப்புகளை இப்படிப் படிக்கலாம். முதலும் இரண்டாவதும் ரிவர்ஸும் நன்றாக இருந்து, மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் வெறுமனே அலறினால் 3-4 கிளட்ச் எரிந்திருக்கிறது. இந்தக் குடும்பத்தின் தீராத பலவீனம் அது. இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் காணாமல் போய், முதலும் மூன்றாவதும் மட்டும் இருந்தால் சன் ஷெல் என்ற உருளை உடைந்திருக்கிறது. இரண்டாவதும் நான்காவதும் மட்டும் போய் ரிவர்ஸ் நன்றாக இருந்தால் சந்தேகம் 2-4 பேண்டின் மேலோ அதை இறுக்கும் செர்வோவின் மேலோ விழ வேண்டும். செர்வோவை பாக்ஸின் பக்கவாட்டிலிருந்தே எடுக்கலாம்.

ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால் லீவரை 1இல் போட்டு மெதுவான வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த முயன்றால் லோ-ரிவர்ஸ் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. எனவே குற்றம் ரிவர்ஸ் இன்புட் கிளட்சின் பக்கம். வண்டி தன் போக்கில் உருண்டால் லோ-ரிவர்ஸ் கிளட்ச்தான் போயிருக்கிறது.

கிரைஸ்லர் 727இல் கணக்கு வேறு. எல்லா முன் கியர்களும் வழுக்கி ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் பின் கிளட்ச். மூன்றாவதும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்கினால் முன் கிளட்ச். இரண்டாவது மட்டும் வழுக்கினால் கிக்டவுன் பேண்ட். டிரைவில் முதல் கியர் பிடிக்கவில்லை, லீவரை 1இல் போட்டால் பிடிக்கிறது என்றால் ஒருவழி கிளட்ச். கிக்டவுன் பேண்டை வெளியிலிருந்தே இறுக்கலாம்: பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை 72 அங்குல-பவுண்ட், அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் சுற்றுகள் அளவுக்குத் திரும்பத் தளர்த்த வேண்டும். பாக்ஸை இறக்காமலேயே இரண்டாவது கியர் திரும்ப வரும் வாய்ப்பு இங்கே உண்டு.

கணினி இல்லாத பாக்ஸ் முதல் கியரிலேயே அலறிக்கொண்டு மேலே போக மறுத்தால் கவர்னரை நினையுங்கள். வண்டியின் வேகத்தை பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். டிஎச்350இல் ஒரு வட்ட மூடியை எடுத்தால் கவர்னர் கையில் வந்துவிடும். நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா, எடைகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்தால் போதும். 46ஆர்ஈ, 47ஆர்ஈயில் இந்த வேலையைச் செய்யும் பிரஷர் சொலினாய்டும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) சென்சாரும் வால்வ் பாடியில், அதாவது ஆயிலைத் திசைதிருப்பும் வால்வுகள் அடங்கிய தொகுதியில், இருக்கின்றன. பானைக் கழற்றினால் எட்டும்.

மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதித்துச் செல்லும்போது வரிவரியான சாலையில் ஓடுவது போன்ற அதிர்வு வந்தால், இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். அதிர்வு அக்கணமே நின்றால் அது கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச். நிற்காவிட்டால் எஞ்சின் மிஸ், டயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று தேடுங்கள். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்து போனால் லாக்-அப் விடாமல் சிக்கியிருக்கிறது. லாக்-அப்பே வரவில்லையென்றால் பிரேக் சுவிட்ச் எப்போதும் மிதித்தபடி இருப்பதாகத் தகவல் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரேக்கை அழுத்தியபடி ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் ஸ்டால் சோதனையைப் பல கையேடுகள் விவரிக்கும். ஐந்து நொடிக்கு மேல் போகக்கூடாது என்று எச்சரிக்கவும் செய்யும். பழைய வண்டியில் அதைச் செய்யாமல் விடுவதே என் பரிந்துரை. பலவீனமான பாக்ஸை அது முடித்துவிடும். பலவீனமான பிரேக் இருந்தால் எதிரே நிற்பவரையும் சேர்த்து.

படி 6: மின்சாரப் பக்கம்

கணினி உள்ள பாக்ஸ் திடீரென்று டிரைவில் ஒரே கியரில் நின்று, சோம்பலாகப் புறப்பட்டால் பதற வேண்டாம். 4எல்60-ஈயில் இரு ஷிஃப்ட் சொலினாய்டுகளும் மின்சாரம் இல்லாமல் போனால் பாக்ஸ் மூன்றாவது கியரில் நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ரிவர்ஸ் வழக்கம்போல் வேலை செய்யும். ஒரு ஃபியூஸ் போனாலே இந்த நிலை வரும். முதலில் ஃபியூஸ், பிறகு கனெக்டர், பிறகு எர்த் கம்பி.

1996 முதல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த வண்டிகளில், கோளாறு எண்களைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனரைச் செருகலாம். அதற்கு முந்தைய டொயோட்டாவில் ஓவர்டிரைவ் ஆஃப் விளக்கு சிமிட்டினால், எஞ்சின் அறையில் உள்ள சோதனை கனெக்டரில் டிஇ1, இ1 முனைகளை இணைத்து சிமிட்டல்களை எண்ணலாம். ஃபோர்டு ஈ4ஓடியிலும் அந்த விளக்கு சிமிட்டினால் கோளாறு எண் பதிவாகியிருக்கிறது.

எண்ணைப் பார்த்தவுடன் பாகம் வாங்க ஓடாதீர்கள். பி0753, பி0758 போன்றவை சொலினாய்டின் மின்சுற்றைக் குறை சொல்கின்றன. கம்பி அறுந்திருந்தாலும் அதே எண்தான் வரும். பி0731 முதல் பி0734 வரை கியர் விகிதம் தவறுகிறது என்கின்றன. அங்கே வழுக்கல் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பி1870 வந்து, அதன் பிறகு 1-2 மாற்றம் உதைக்கத் தொடங்கினால், வால்வ் பாடியில் லாக்-அப் வால்வு ஓடும் துளை தேய்ந்திருப்பது வழக்கமான காரணம். உதைப்பது நோய் அல்ல, கணினி பாக்ஸைக் காப்பாற்ற அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றியதன் விளைவு.

ஓம் மானி இருந்தால் கனெக்டரிலேயே சோதிக்கலாம். குளிர்ந்த நிலையில் 4எல்60-ஈயின் ஷிஃப்ட் சொலினாய்டுகள் 20 முதல் 30 ஓம் வரையும், பிரஷர் சொலினாய்டு 3 முதல் 5 ஓம் வரையும் காட்டும். கனெக்டரைப் பிரித்ததும் உள்ளே சிவப்பு ஆயில் ஊறியிருந்தால் அதன் சீல் போய்விட்டது.

திராட்டில் சென்சார் ஐடிலில் அரை வோல்ட் பக்கமிருந்து முழு மிதிக்கு நாலரை வோல்ட் பக்கம் வரை தடையின்றி ஏற வேண்டும். மெதுவாக மிதித்துப் பாருங்கள். அடிக்கடி நிற்கும் இடத்தில் தேய்ந்து வோல்ட் துள்ளினால் கியர் மேலும் கீழும் அலையும். ஸ்பீடோமீட்டர் முள் துடிக்கும் அதே நேரத்தில் கியரும் குழம்பினால் வேக சென்சாரைக் கழற்றி அதன் முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துடையுங்கள். காரணமே தெரியாமல் லாக்-அப் வருவதும் போவதுமாக இருந்தால் ஆல்டர்னேட்டரையும் சந்தேகியுங்கள். அதன் டையோடு போனால் எழும் இரைச்சல் மின்னோட்டம் சென்சார் கம்பிகளில் கலந்துவிடும். பாட்டரி முனையில் மாறுதிசை மின்னழுத்தம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

படி 7: அழுத்த மானி

இதுவரை விடை கிடைக்கவில்லையென்றால், பாக்ஸின் அழுத்தத் துளையில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மானியைப் பொருத்துங்கள். ரிவர்ஸில் அழுத்தம் 200ஐத் தாண்டக்கூடும் என்பதால் சிறிய மானி வேண்டாம். சரியான எண்களை உங்கள் பாக்ஸின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இங்கே வேண்டியது போக்கு. எல்லா நிலையிலும் குறைவு என்றால் ஃபில்டர், பம்ப், ரெகுலேட்டர் வால்வு. ஒரு கியரில் மட்டும் விழுந்தால் அந்த கிளட்சின் சீல் கசிகிறது. எப்போதும் அதிகம் என்றால் மாடுலேட்டரோ பிரஷர் சொலினாய்டோ. அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் மட்டுமே பிளேட் தேய்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

படி 8: பானைக் கழற்றுதல்

வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். ஆயில் கொதிக்கும் சூட்டில் இருக்கக்கூடாது. ஒரு மூலையில் மட்டும் போல்ட்டுகளை விட்டுவைத்து, மற்றவற்றைத் தளர்த்தினால் பான் சாய்ந்து ஆயில் ஒரு பக்கமாக வடியும்.

பானின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லிய படலமாக இருப்பது இயல்பு. விரலால் தேய்த்தால் மாவு போல இருக்க வேண்டும். நெருடினால், வெளிச்சத்தில் மின்னும் சில்லுகள் தெரிந்தால், உலோகம் உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. கறுப்புப் படிவு அதிகம் என்றால் கிளட்ச் பூச்சு. மஞ்சள் நிற உலோகம் என்றால் புஷ் அல்லது வாஷர். ஃபோர்டு பாக்ஸ் சிலவற்றில் பானுக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி கிடக்கும். அதைக் கண்டு உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் துளையை மூடி வைத்தது அது. குழாய் பொருத்தும்போது உள்ளே விழுந்தது. அது இன்னும் கிடக்கிறது என்றால், அந்தப் பானை யாரும் அதுவரை கழற்றியதில்லை.

புதிய ஃபில்டரைப் போடும் முன், பழைய ஃபில்டரின் கழுத்துச் சீல் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதைத் திணித்தால் சரியாக அமராது. பம்ப் காற்றை உறிஞ்சும், வண்டி ஊளையிடும், வேலை செய்துகொண்டிருந்த பாக்ஸ் அன்றிலிருந்து வழுக்கும். "ஆயில் மாற்றியதால் பாக்ஸ் செத்துவிட்டது" என்று சொல்லப்படும் கதைகள் சிலவற்றுக்குப் பின்னால் இந்த ரப்பர் வளையம்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மற்றவற்றில் பிளேட் ஏற்கெனவே எரிந்திருக்கும். பழைய ஆயிலில் மிதந்த தூளின் உராய்வில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கும். எரிந்த நெடி உள்ள பாக்ஸை இயந்திரத்தில் மாட்டி முழுவதும் கழுவச் சொல்லாதீர்கள். பானையும் ஃபில்டரையும் மட்டும் பாருங்கள்.

பான் வழியாக வடிவது மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவு. 4எல்60-ஈயில் சுமார் 4.7 லிட்டர் வடியும். மொத்தம் 10 லிட்டருக்கு மேல். மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். பான் போல்ட்டுகளைச் சுமார் 11 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டியதில்லை. அதிகம் முறுக்கினால் பானின் விளிம்பு வளைந்து புது கேஸ்கெட்டும் ஒழுகும்.

இறக்குவதா வேண்டாமா

சொலினாய்டுகள், வால்வ் பாடி, கவர்னர், மாடுலேட்டர், வேக சென்சார், செர்வோ, வெளி சீல்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் பாக்ஸ் வண்டியில் இருக்கும்போதே மாற்றலாம். கிளட்ச் பிளேட், பம்ப், சன் ஷெல், டார்க் கன்வெர்ட்டர் என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும். பட்டறைக்குப் போகும்போது "கியர் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். உங்கள் தாளை நீட்டுங்கள்: எந்த கியர், சூட்டிலா குளிரிலா, லேசான மிதியிலா முழு மிதியிலா, அழுத்தம் எவ்வளவு, பானில் என்ன கிடந்தது. அந்தத் தாளைப் பார்க்காமலேயே புது பாக்ஸுக்கு விலை சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்தால் ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவியே ஆக வேண்டும், முடிந்தால் கூலரை மாற்ற வேண்டும். பழைய பாக்ஸின் உலோகத் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். முதல் ஓட்டத்திலேயே புதிய பாக்ஸுக்குள் வந்து சேரும். பாரம் இழுக்கும் வண்டியானால் கூடுதல் கூலர் ஒன்றும் ஆயில் வெப்பமானி ஒன்றும் பொருத்துங்கள். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஏற்றத்தில் நான்காவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே பாக்ஸ் ஊசலாடினால் ஓவர்டிரைவை அணைத்து மூன்றாவதிலேயே ஏறுங்கள். ஆயில் ஊற்றி முதல் நாள் ஓட்டிய பிறகு, சூடாக இருக்கும்போதே, அளவை மறுபடி ஒருமுறை பாருங்கள். கூலர் நிரம்பியதும் அது சற்று இறங்கியிருக்கும்.